மொன்யெட் என்று சொன்னது யார்

1

இந்தக் கதை ஒரு கொசுக்கடியில் பிறந்தது. கடிபட்டது நானல்ல, எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

முதல் தொடக்கம்: ‘காஹாங் செம்பனைத் தோட்டத்தின் மேல் மரணம் மெல்லக் கவிந்து—’

(வேண்டாம். அந்தத் தோட்டத்தில் மேலேயிருந்து வருவது குலை மட்டும்தான்.)

இரண்டாவது: செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற சதாசிவத்துக்குக் காய்ச்சல். ‘டெமாம் பியாசா’, சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவி வாசுகிதான் கிளினிக்குக்கு இழுத்துப் போனார்.

2

ரத்தம் பார்த்த டாக்டர், “மலேரியா மொன்யெட்”* என்றார். உடனே குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

மலாய் மொழியில் மொன்யெட் என்றால் குரங்கு. கல்யாணமான நாள்முதல் வாசுகி தன் கணவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

* குரங்கின் ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணி, கொசு வழியாக மனிதனுக்கு வருவது. நாளுக்கு நாள் பெருகும். தாமதித்தால் கொன்றுவிடும். என் கதைகளைவிட வேகம்.

3

கிளினிக் வாசலில் வாசுகி காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்டியரிங்கில் காத்திருந்தார். சதாசிவம் ஏறவில்லை.

“வீட்ல கூப்பிடுற பேர டாக்டர்கிட்ட வரைக்கும் சொல்லியிருக்க.”

“அது சீக்கோட பேருங்க.”

“சீக்குக்கு யாராச்சும் மொன்யெட்னு பேர் வைப்பாங்களா?”

“ஒங்களுக்கு நான் வைக்கலயா? ஏறுங்க லா.”

சதாசிவத்துக்குப் பற்கள் தந்தியடித்தன. கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

4

முடிவு அ: சதாசிவம் இறந்துவிடுகிறார். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தேன். ‘பழக்கதோஷத்தில் வாசுகி அடுப்படியிலிருந்து, மொன்யெட்டு, சாப்பிட வாங்க என்று—’

(வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முடிவு ஆ: பிழைத்துவிடுகிறார். அதற்கு முதலில் அந்த மனுஷன் காரில் ஏற வேண்டும்.

5

“சரி, இனிமே அப்படிக் கூப்பிடல. போதுமா?” என்றார் வாசுகி.

சதாசிவத்தின் முகம் வாடிவிட்டது.

“கூப்பிட வேணாம்னு யாரு சொன்னா? மத்தவங்க காதுல விழக்கூடாதுன்னுதான்...”

சொல்லி முடிப்பதற்குள் கால் மடங்கிச் சரிந்தார்.

ஓடிப்போய் இடது தோளைப் பிடித்துக்கொண்டேன். கனமான ஆள். நான் எழுதும்போது இவ்வளவு கனம் இல்லை. கார்க் கதவு திறந்திருக்கிறது, வாசுகி உள்ளேயிருந்து கை நீட்டுகிறார். வலது தோளுக்கு ஆளில்லை.

வாசித்தது போதும், புத்தகத்தைக் கீழே வையுங்கள். இரண்டு கையும் வேண்டும்.