கிளாக்கர் சொன்ன சனிக்கிழமை

வேலாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். தெல்தோட்டைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ராஜலிங்கம் அவளிடம் வாயைக் கொடுத்தார்.

மலைமேல் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை நட்டு வளர்த்த பைன் காட்டில் ஐப்பசி மழைக்கு வருஷா வருஷம் காளான் முளைக்கும். 1936இல் கண்டியிலிருந்து விருந்தாளிகள் வர இருந்தார்கள். அவர்களோடு போய்க் காளான் பிடுங்க வேண்டும், எந்த நாள், எத்தனை கூடை கிடைக்கும் என்று துரை கிளாக்கரைக் கேட்டார். கிளாக்கர் தினமும் மழையை அளந்து எழுதி வைக்கிறவர். நாலு வருஷக் குறிப்பைப் புரட்டிப் பார்த்து, "சனிக்கிழமை, பன்னிரண்டு கூடை" என்றார்.

அத்தோடு விட்டாரா? காடு பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று பெண்களை ஏவி, சருகு முழுவதையும் கூட்டி அள்ளி தேயிலை காயவைக்கும் ஸ்டோர் அடுப்புக்கு அனுப்பினார். காட்டின் ஓரத்து நாலைந்து மரங்கள் அவர் வீட்டு வேலிக்குள் நின்றன. அங்கே மட்டும் யாரையும் விடவில்லை.

"உள்ளுக்கு ஒருத்தரும் கால் வைக்கப்படாது. என்ர கிணறு கிடக்கு!"

கூலி லயத்துக்காரி கால் பட்டால் இவர் கிணறு தீட்டாகிவிடுமாம். வேலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சருக அள்ளிட்டீங்க, இனி மண்ணு காஞ்சிரும். இந்த வருசம் ஒத்தக் காளான் வராது. எழுதி வச்சுக்கங்க அய்யா."

"கொழுந்து கிள்ளுற நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? போய் வேலையைப் பார்!"

சனிக்கிழமை வந்தது. மழையும் பெய்து ஓய்ந்திருந்தது. காட்டில் ஒரு காளான்கூட இல்லை. விருந்தாளிகள் வெறுங்கூடையோடு நிற்க, துரையின் முகம் சிவந்தது. கிளாக்கர் கூடை தூக்க வந்திருந்த வேலாயியைக் கை நீட்டிக் காட்டினார்.

"இவள்தான் களவெடுத்தவள், சேர். வராது எண்டு முன்னமே சொன்னவள். எடுக்காமல் எப்பிடித் தெரியும்?"

"பத்துச்சீட்டு எழுது" என்றார் துரை.

தோட்டத்தை விட்டு விலக்கும் அந்தச் சீட்டு கையில் விழுந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போச்சு. திருடி என்று பெயர் வாங்கியவளை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? உண்மையைச் சொன்னதற்கு இந்தக் கூலியா! வேலாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"தொரைங்களே, சருகு கூட்டாத எடம் ஒண்ணு இருக்கு. கிளாக்கரய்யா வேலிக்குள்ள. அங்க வந்து பாருங்க. அங்கயும் இல்லன்னா நானே மூட்டையக் கட்டுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் அந்த வேலிக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

துரைதான் வேலிப் படலையைத் திறந்தார். மரத்தடியில் கணுக்கால் உயரத்துக்குச் சருகு. அதைத் தள்ளிக்கொண்டு காளான்கள் கொத்துக் கொத்தாக நின்றன. துரை கிளாக்கரை ஒரு பார்வை பார்த்தார். பாதி எழுதிய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"பிடுங்கு" என்றார் வேலாயியிடம்.

அவள் படலைக்கு வெளியே நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் உள்ள வரக்கூடாதுங்க. அய்யாவோட கெணறு இருக்கு. அய்யாவையே பிடுங்கச் சொல்லுங்க."

துரை கிளாக்கரைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். வெள்ளைக் கோட்டோடு ராஜலிங்கம் சேற்றில் முழங்கால் போட்டார். வேலாயி முதுகில் தொங்கிய தலைக்கூடையைக் கழற்றி வேலிக்கு மேலால் அவர் முன்னே எறிந்தாள்.

"பன்னெண்டு கூட சொன்னீங்களே அய்யா. மொதல்ல இத நெரப்புங்க."