கீழ்ப் படுக்கைக்காரன்

நர்ஸ் கழற்றச் சொன்னதால்தான் மகள் அப்பாவின் காதிலிருந்து, காது கேட்பதற்கான மெஷினை எடுத்தாள். உயிர் போன உடம்பின் சூடு இன்னும் ஆறவில்லை. அணைப்பதற்காகச் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரியே இல்லை. வாங்கிய அன்று ஒட்டியிருந்த தாள்கூட உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எட்டு வருஷமாக மனுஷன் வெறும் டப்பாவை மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார். காது மந்தம் என்று அவளே முடிவுகட்டி வாங்கிக் கொடுத்தாள். அதே மனுஷன், தன் தையல் கடையில் யாராவது மெஷினைத் தப்பாக மிதித்தால் தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டு ஓடி வருவார் என்பது அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு எதிலும் அவசரம். பூர்வீகத்தைத் தேடுகிறேன் பேர்வழி என்று நாலு வருஷம் கடிதமாய் எழுதித் தள்ளி, கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அத்தையைக் கண்டுபிடித்தேவிட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. அத்தை கிளம்பி வருகிறாள் என்று சொன்ன அன்றைக்குப் படுத்தவர்தான் அப்பா. சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பைத்தியக்காரி.

இன்று காலை, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தார்.

"அது என் பேரு இல்லம்மா. கப்பல்ல எனக்குக் கீழ்ப் படுக்கையில இருந்தவன் பேரு."

காய்ச்சலில் போய்விட்டானாம். இருவருக்கும் ஒரே வயது. இவரிடம் இருந்ததோ போலி முத்திரை போட்ட காகிதம். இறங்கியதும் பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். காகிதத்தில் படம் ஒட்டாத காலம் அது. விடிவதற்குள் காகிதங்களை மாற்றி வைத்துவிட்டார். பிணத்தைக் கடலில் இறக்கும்போது கப்பல்காரன் இவருடைய பெயரைத்தான் படித்தானாம். வரிசையில் நின்று அதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாராம். பத்தொன்பது வயதில், எப்படித்தான் அசையாமல் நின்றாரோ!

"அவன் தங்கச்சி பாத்ததும் தெரிஞ்சுக்குவாம்மா," என்றார். அதற்குமேல் மூச்சு வாங்கியது. சொந்தப் பெயர் என்ன என்று மகள் கேட்பதற்குள் போய்விட்டார்.

அத்தை வரும் நேரமாகிவிட்டது. அத்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு, கடைப் பத்திரம், அவளுடைய பிறப்புச் சான்றிதழ் எல்லாமே பொய்யாகிவிடும். போர்வையை அப்பாவின் முகம்வரை இழுத்துவிட்டாள். பிறகு தப்பாகத் தெரியுமோ என்று இறக்கினாள்.

அத்தை பெட்டியோடு நேராக வந்தாள். அழவில்லை. முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் முகம் மாறும்தானே என்று மகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தை போர்வைக்குள் கைவிட்டு அப்பாவின் இடது கையை எடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை சுருட்டினாள். கை வழவழவென்று இருந்தது.

"சின்னதுல நான் கொதிக்கிற தண்ணியக் கொட்டிட்டேன்," என்றாள். "இவ்வளவு நீளத்துக்குத் தழும்பு."

அத்தை சுருட்டியதைப் பதமாக இறக்கிவிட்டு, பொத்தானையும் மாட்டினாள்.

"எங்க அண்ணன் எப்பம்மா போனாரு?"

"கப்பல்லயே. காய்ச்சல்ல."

அத்தை தலையாட்டினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நர்ஸ் படிவத்தோடு வாசலில் வந்து நின்றாள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டாள். மகள் திரும்புவதற்கு ஒரு நொடி ஆயிற்று.

அதற்குள் அத்தை கையைத் தூக்கியிருந்தாள்.