மூன்றாம் வருஷத்து மண்

சூளைக்காரர் மண்வெட்டியை ஓங்கிப் போட்டபோது தன் வயிற்றிலேயே போட்டது போல இருந்தது அவளுக்கு. முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து மண் பார்ப்பாராம். செங்கல்லுக்குச் சரிப்பட்டால் அடுத்த வாரமே இயந்திரம் வந்து வயலை வழித்துக்கொண்டு போய்விடும். மூத்தார், அதாவது அவள் கணவனின் அண்ணன், கையெழுத்துப் போடத் தயாராக வரப்பில் நின்றார். கணவனோ லாரி ஓட்டப் போனவன். "நீயாச்சு, எங்கண்ணனாச்சு" என்று போனை வைத்துவிட்டான். நல்ல ஆளைத்தான் கட்டிக்கொண்டாள்!

மூத்தாரைச் சொல்லியும் குற்றமில்லை. மாமனார் காலத்தில் ஒரு தடவை மேல்மண்ணைச் சூளைக்கு அள்ளிக் கொடுத்ததிலிருந்து அது பேருக்குத்தான் வயல். எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் நெல் மஞ்சள் பாய்ந்து முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். "செத்த நிலம்மா, மிச்ச மண்ணையும் குடுத்துத் தொலைப்போம்" என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சொன்னார். இவள் விடவில்லை. "மூணு வருஷம் குடுங்க அத்தான். அப்பவும் தேறலன்னா நானே அள்ளித் தரேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

விவசாய அலுவலகத்தில் சொன்னபடி, மடக்கி உழுதால் மண்ணுக்கே தழையுரமாகும் தக்கைப்பூண்டு விதைத்தாள். முதல் வருஷம் ஒரே கூத்து. மொட்டு விடும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும் என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இவளுக்குத்தான் மனசு வரவில்லை. அந்த நிலத்தில் ஆள் உயரத்துக்கு எதுவும் வளர்ந்து அவள் பார்த்ததேயில்லை. அதில் மஞ்சள் பூவும் பூத்தால் அழிக்க யாருக்குக் கை வரும்? இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். தண்டு விறகாகிவிட்டது. டிராக்டர் கத்தியில் நார் நாராகச் சுற்றி, இரண்டு சுற்றில் வண்டி நின்றது. ஓட்டுநர் ஒரு மணி நேரம் அரிவாளால் அறுத்து எடுத்தார். "யக்கா, உழக் கூப்பிட்டியா, கயிறு திரிக்கக் கூப்பிட்டியா?" அன்றிலிருந்து ஊருக்கே அவள் 'தக்கையக்கா'. நட்ட நெல்லும் மக்காத குச்சிகளுக்கு நடுவே வெளுத்துப்போய் நின்றது. அழுதாள்; யார் முன்னாலும் அழவில்லை.

அடுத்த வருஷம் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். நாற்பத்தைந்தாம் நாள் முதல் மொட்டு கண்ணில் பட்டதும் ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கீறினாள், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கிற சத்தைச் செடி பிடித்துவைப்பது அந்த முடிச்சில்தானாம். அன்றே டிராக்டரைக் கூப்பிட்டாள். பச்சையாகவே சேற்றில் மடக்கி, அழுகிய நாற்றம் அடங்கும்வரை பத்து நாள் பொறுத்து நட்டாள். நெல் இடுப்புக்கு வந்தது. மூன்றாம் வருஷம் உரத்தைப் பாதியாகக் குறைத்தும் கதிர் தலை சாய்ந்தது. "ரெண்டு வருஷமும் மழை கைகொடுத்திருச்சு, மண்ணு அதே செத்த மண்ணுதான்" என்றார் மூத்தார். சூளைக்காரரை வரச் சொல்லிவிட்டார். மூன்று வருஷம் உயிரைக் கொடுத்தவளுக்கு வயிறு எரியாதா?

சூளைக்காரர் குழியிலிருந்து மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டிக் கீழே போட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்று உருட்டினார். அதுவும் உதிர்ந்தது. மூன்றாவதைக் கையில் வைத்திருந்தபோதே விரலிடுக்கில் ஒரு மண்புழு நெளிந்தது.

"இது ஆகாதுங்க" என்று கையை உதறினார். "ஒட்டே இல்ல. பூரா தழையும் வேருமா கிடக்கு. வேக வெச்சா உள்ள பொந்து பொந்தா விழும். உங்கப்பா காலத்துல வெண்ணெ மாதிரி உருண்டுச்சே, என்னதான் பண்ணீங்க?"

மூத்தார் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான்தாங்க கெடுத்துட்டேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இத்தனை சந்தோஷம் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்? சூளைக்காரர் ஒன்றும் புரியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மூத்தார் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட ஆரம்பித்தார்.

"குடுங்க அத்தான், நான் மூடறேன்."

"இரும்மா."

தள்ளினார், மிதித்தார், மறுபடி தள்ளினார். குழி நிறைந்துவிட்டது. வெளியே இன்னும் ஒரு கூடை மண் மிச்சம் கிடந்தது. எடுத்த மண்தான், ஒரு பிடிகூட யாரும் சேர்க்கவில்லை; குழி மூடியும் மண் மிஞ்சினால் உயிருள்ள நிலம் என்பார்கள். அவர் அதையும் மேலே குவித்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் குவியலின்மேல் ஏறி நின்றார். கால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று. எடுக்கவேயில்லை அவர்.