அம்மா வாய் திறக்காத மாலை

அவள் பேசியே பிழைப்பவள். பகல் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். அவளுக்குப் பிறந்த மகளுக்கோ ஆறு வயதாகியும் ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வருவதற்குள் எதிரே இருப்பவர் பொறுமையிழந்துவிடுவார். காது நன்றாகக் கேட்கும், புத்தியிலும் குறையில்லை. சொற்கள்தாம் முரண்டு பிடிக்கும். அதனால் யார் எதைக் கேட்டாலும் அம்மாவே முந்திக்கொள்வாள்.

"அவளுக்கு வாயே நீங்கதான்," என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர். "பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க பெஞ்சுல உக்காருங்க. என்ன நடந்தாலும் உங்க வாயத் தொறக்காதீங்க."

அம்மாவுக்குக் கசந்தது. ஆனாலும் போனாள். மகளுக்கென்று ஒரு தோழியாவது வாய்க்க வேண்டுமே.

மணல்தொட்டியில் சில பிள்ளைகள் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் அருகே போய் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பெஞ்சில் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவழியாக, வகுப்பில் பழகிய வாக்கியம் முழுசாக வந்தது.

"நானும்... விளையாடட்டுமா?"

சொன்ன கையோடு உள்ளங்கையை நீட்டினாள். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் டீச்சர் உள்ளங்கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கை நீட்டுவதும் வாக்கியத்தில் சேர்த்தி என்று குழந்தை நினைத்துவிட்டது.

பிள்ளைகள் அந்தக் கையை வெறித்துப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அம்மா பாதி எழுந்தேவிட்டாள். விளக்கம் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

கூட்டத்துக்குத் தலைவி போலிருந்த இரட்டைச்சடைக்காரி, நீட்டிய கையில் ஒரு காலி வாளியை மாட்டினாள். "ஈர மண்ணு வேணும். குழாய்கிட்ட இருக்கு."

மகள் ஓடினாள். வாளி இரண்டு மூன்று நடை போய்வந்தது. அவள் வாயிலிருந்து வேறு பேச்சே வரவில்லை. இரட்டைச்சடைக்காரி சந்தேகத்தோடு நேரே பெஞ்சுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அவ பேச மாட்டாளா?"

ஊர்ப்பட்ட பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தயாராக இருந்தது. அம்மா அதை விழுங்கினாள். "அவகிட்டயே கேளும்மா."

அவள் போய்க் கேட்டாள். மகள் வாளியைக் கீழே வைத்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது.

"பேசுவேன்," என்றாள் மகள். "லேட்டா."

இரட்டைச்சடைக்காரி திரும்பி அணையைப் பார்த்தாள்.

"சரி, லேட்டாவே பேசு. மண்ண மட்டும் சீக்கிரம் கொண்டா. அணை உடையுது."