ஹார்னுக்கு ஆறு கட்டம்

கண்டக்டர் அம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்தில் சீட்டுக் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. நாற்பது வாத்தியக்காரர்களைக் கட்டி மேய்க்கிறவர்.

"பதினாலு நிமிஷம் ஓடுது. உங்களுக்கு ஒதுக்கினது பதினொண்ணு. நாளைக் காலையில பத்து மணிக்குள்ள குறைச்சுக் கொண்டாங்க. இல்லைன்னா எங்களுக்கு மனப்பாடமான பழசு ஒண்ணு இருக்கு, அதை வாசிச்சிடுவோம்."

"பதிமூணுன்னு வெச்சுக்கலாமா மேடம்?"

"பதினொண்ணு."

"சரி, பன்னிரண்டரை."

"நான் என்ன துணிக்கடையா நடத்துறேன்?"

பேரம் பேசித் தோற்றவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். எல்லாருக்கும் அவர் சுருதிக்காரர்தான். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டுப் பியானோக்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர், மிஞ்சிய நேரத்தில் பழைய பாணியில், இலக்கணம் பிசகாமல், முழு வாத்தியக் குழுவுக்கென்று எழுதிய ஒரே உருப்படி இது. ஆறு வருடம், ஒன்பது முறை திருத்தல். திருத்தத் திருத்த அது நன்றாகிக்கொண்டிருந்ததா, அவர்தான் களைத்துக்கொண்டிருந்தாரா என்பது அவருக்கே தெரியாது.

குழு இதை வாசிக்க ஒத்துக்கொண்டதே மச்சானால்தான். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அங்கே ஹார்ன் என்ற வளைந்த பித்தளைக் குழலை வாசிப்பவர். இரண்டு மாதம் கண்டக்டர் அம்மாவை நச்சரித்துக் காரியத்தை முடித்துக் கொடுத்தார். அதற்குக் கைமாறாக முதல் மெட்டுக்கும் இரண்டாவது மெட்டுக்கும் நடுவில் குழு முழுவதையும் வாய்மூட வைத்து, ஹார்ன் மட்டும் தனியாக வாசிக்க ஆறு கட்டம், தாளக் கணக்கில் ஆறு சுற்று, எழுதிச் சேர்த்தார் சுருதிக்காரர். மச்சான் கேட்கவில்லை. தரகு என்பது கேட்டா கொடுப்பது?

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிவைத்து வெட்ட உட்கார்ந்தார். இங்கே இரண்டு கட்டம், அங்கே நாலு. கோழி கொத்திய மாதிரி ஆனது தாள். மிச்சமானது நாற்பது நொடி. ஒத்திகை முடிந்து வந்த மச்சான் ஹார்ன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள இப்படி நகம் வெட்டுற மாதிரி வெட்டுறே? முதல் பகுதியை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருக்கே இல்ல, அதை ஒண்ணாக்கு. மூணு நிமிஷம் கிட்டக் குறைஞ்சிடும்."

"பழைய பாணின்னா திரும்ப வாசிக்கணும் மச்சான். அப்பத்தான் கேக்கறவங்க மனசுல மெட்டு உக்காரும்."

"ஒரு தடவையில உக்காராத மெட்டுக்கு ரெண்டாவது நாற்காலி எதுக்கு?"

தேநீரைக் குடித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். சொன்னது மட்டும் போகாமல் அங்கேயே நின்றது. சுருதிக்காரர் கொத்தியதையெல்லாம் பழையபடி சேர்த்துவிட்டு, திரும்ப வாசிக்கும் குறியை அடித்தார். பதினொரு நிமிடம் பத்து நொடி. கண்ணை மூடி மனதுக்குள் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

இரண்டு முறை வந்தபோது ஒளிந்திருந்த கோளாறு இப்போது பல்லைக் காட்டியது. முதல் மெட்டு ஒரு கேள்வி மாதிரி முடிகிறது. கிளாரினெட் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். நடுவில், கடைக்கு வந்தவரை வாசலிலேயே மறித்து ஊர்க்கதை பேசுகிறவன் போல, ஹார்ன். மூன்று கட்டமாகச் சுருக்கிப் பார்த்தார், இன்னும் மோசம். கடைசிப் பகுதிக்கு நகர்த்தினார். ஆறுதல் பரிசு என்று அப்பட்டமாகத் தெரிந்தது. உண்மையில் எழுதிச் சேர்த்த அன்றே அவருக்கு இது தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருப்பதில்தான் பாதி உடம்பு ஓய்ந்திருந்தது.

"அண்ணன் வாசிக்கற இடம் பத்திரமா இருக்கில்ல?" என்றாள் மனைவி, மேசையைத் துடைக்க வந்தவள்.

"ம்" என்றார். அவள் அந்தப் பக்கம் போனதும் ஆறு கட்டத்தையும் எடுத்தார்.

காலையில் புதிய தாள்களை அவரே ஆளுக்கு ஆள் கொடுத்தார். மச்சான் தன்னுடையதை இரண்டு முறை புரட்டினார்.

"என் இடம் எங்க மாப்ள?"

"பத்து நொடி இடிச்சுது மச்சான். நேரம் போதலை." கடிகாரத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு வசதி!

வாசித்தார்கள். முதல் மெட்டு கேள்வியில் நின்றது. அந்தக் கணமே கிளாரினெட் பதிலை எடுத்தது. இரண்டாம் வரிசையில் வயலின்காரி ஒருத்தி தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். முடிந்ததும் கண்டக்டர் அம்மா, "கொஞ்சம் விறுவிறுப்பாவே போயிட்டோம். பத்து நிமிஷம் முப்பத்தஞ்சு செகண்ட்" என்றார். "இருபத்தஞ்சு செகண்ட் கையில இருக்கு. ஹார்ன் தனியா வந்துதே, அழகா இருந்துது. வேணும்னா திரும்பச் சேத்துக்கோங்க."

நேற்று நேரம் கேட்டுக் கெஞ்சியவர் வாசலுக்கே அது இலவசமாக வந்து நிற்கிறது. நாற்பது தலைகளும் திரும்பின. மச்சான் ஹார்னை மடியிலிருந்து தூக்கி உதட்டருகே கொண்டுபோய்விட்டார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன், நேரம் இருக்கே?"

"நேரத்துக்காக எடுக்கலை. அது அங்க இடைஞ்சலா இருந்துது." குரல் அவருக்கே யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது.

"சரி. ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு இதுதான். இன்னொரு தடவை முதல்லேர்ந்து."

மச்சான் ஹார்னைச் சாய்த்து, உள்ளே தேங்கிய நீரை உதறினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இதை நீ நேத்தே சொல்லியிருக்கலாம், மாப்ள."

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப நான் எத்தனை கட்டம் சும்மா உக்காந்திருக்கணும்?"

"முப்பத்தெட்டு."

தாளில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டார் மச்சான். சுருதிக்காரர் கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குச்சி எழுந்தது. மச்சான் உதடு அசைய எண்ணத் தொடங்கினார், ஒன்று, இரண்டு என்று, இந்தப் பக்கம் திரும்பாமலே.