பிரேக்கை மிதிக்கக் கூப்பிடாத காலை

...பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் அச்சு நட்டை முழுசாக முறுக்கும் முன்னே சக்கரத்தில் பாரம் ஏற்றக் கூடாது, இது வெல்டனுக்குத் தெரியாததா என்ன, மிச்சிகன் பனிக்கும் ரோட்டு உப்புக்கும் துருப்பிடித்த காரை இதே வாசலில் வருஷாவருஷம் தானே பிரித்து மாட்டுகிறவனுக்கு, ஆனாலும் ஜாக்கியை இறக்கியாயிற்று, கார் தரையில் உட்கார்ந்து சரிவில் ஒரு சாண் உருண்டும் விட்டது, விரலால் திருகிய நட்டோடு. இன்று காலைதான் மாட்டிய புது பேரிங். உள்ளே குண்டுகள் மொத்தப் பாரத்தையும் கோணலாக வாங்கியிருக்கும், பள்ளம் விழுந்திருக்குமா, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, முதலில் ஒன்றும் கேட்காது, பிறகு வேகத்தில் ஒரு முனகல், ரேடியோவைக் கூட்டி வைத்தால் அடங்கிப்போகிற முனகல்... இந்த வீட்டிலும் அப்படித்தானே ஆரம்பித்தது, ரேடியோவைக் கூட்டி வைத்தது யார், அவனா, அவளா?

அந்தரத்தில் நிற்கும் சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றும், அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். எப்போதும் மிதித்தவள் அவன் மனைவி மாரிட்தான், ஈரத் தலையோடு, கையில் காபியோடு, மிதிச்சாச்சு மகாராஜா, முறுக்குங்க என்பாள். இன்று அவள் சமையலறையில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தக் கிழிபடும் சத்தம் இங்கேவரை வருகிறது, பொழுது சாய்வதற்குள் விஸ்கான்சினில் அக்கா வீட்டில் இருப்பாள், இனி அங்கேதான், இந்தக் காரில், இந்தச் சக்கரத்தில். விட்டுப் போகிறவளைக் கூப்பிட்டு, நீ போவதற்கு வந்து ஒரு கை கொடு என்று எப்படிக் கேட்பது? தரையில் இறக்கினால் சக்கரம் சுற்றாது, தனியாகவே முறுக்கிவிடலாம் என்று இறக்கிவிட்டான்... பேரிங் கெட்டுப்போச்சு என்று சொன்னால் நம்புவாளா, போகவிடாமல் இருக்க வேலை காட்டுகிறான் என்பாள், சொல்லாமல் முறுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது, போகிற வழியில் அந்தப் பெரிய பாலத்தில், லாரிகளுக்கு நடுவே, அவள் கையில் ஸ்டியரிங் நடுங்கும்வரை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாரிட் வெளியே வந்தாள். ஆச்சா என்று கேட்டாள். அவன் நட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "இல்ல. பேரிங்கைக் கெடுத்துட்டேன். வேற வாங்கி மாட்டணும், நாளைக்குத்தான் வரும்."

அவள் தரையில் அழுந்திய டயரைப் பார்த்தாள், ஓரமாகக் கிடந்த நீள ஸ்பேனரைப் பார்த்தாள், இத்தனை வருஷம் மிதித்தவளுக்கு விளக்க வேண்டியதில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கூப்பிட்டிருந்தா வந்து மிதிச்சிருப்பேனே, வெல்டன்," என்றாள், பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள், கம்பிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வந்திருப்பாள், கடைசியாக ஒருமுறை அந்த இருக்கையில் உட்கார்ந்து, காபிகூடக் கொண்டுவந்திருப்பாளோ என்னவோ... அவன் ஜாக்கியை மறுபடி ஏற்றத் தொடங்கினான், கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டது, இன்று ராத்திரி அவள் இங்கேதான் இருப்பாள் என்ற நினைப்பு வந்தது, அதோடு நெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன நிம்மதி, இது இப்போது வந்ததா, இல்லை, ஜாக்கியை இறக்கிய கையில் அப்போதே இருந்ததா...