மின்தூக்கியில் ஒரு மூலக்கூறு கனம்

வரிசையில் நிற்க மூலக்கூறுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைசலை எஃகின் மேல் தடவினால் போதும். தலையை உலோகத்தில் ஊன்றி, வாலை வெளியே நீட்டி, தாமாகவே நெருக்கியடித்து நின்றுவிடும். ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலம். அதில் கைரேகை ஒட்டாது என்பது எங்கள் பேராசிரியர் சேவியரின் கொள்கை. படலம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கொள்கையை மறுப்பதும் கடினம்.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் அருகே ஓர் அடுக்குமாடியில் இரண்டு மின்தூக்கிகள். இடப்பக்கத்துப் பொத்தான் பலகையில் படலம் பூசினேன். வலப்பக்கத்தை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டேன். பூசிய பலகைக்கு மேல் ‘ஆராய்ச்சி நடைபெறுகிறது’ என்று நான்கு மொழிகளில் ஒட்டினேன். பதினைந்து நாளும் மாலையில் போய்ப் படமெடுத்தேன். இடப்பக்கம் நிலவு போலப் பளபளத்தது. வலப்பக்கத்தில் கட்டடத்தின் அத்தனை விரல்களும், யாரோ சாப்பிட்ட பரோட்டாவின் எண்ணெயும் இருந்தன.

படங்களைப் பார்த்து சேவியர் கண் கலங்கினார். இதற்குமுன் அவர் கலங்கியது ஆய்வகத்துக்குப் புதுக் காப்பி இயந்திரம் வந்த அன்று.

“வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுகிட்ட பிரசன்ட் பண்ணும்மா வர்ஷா. அவங்க ஓகேன்னா உன் கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருஷம்.”

அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது.

இன்னொரு படம் இருந்தால் நல்லது என்று வியாழன் காலை ஏழரைக்கே போனேன். துப்புரவாளர் பாக்கியலட்சுமி இடப்பக்கப் பலகையில் பாலிஷ் ஊற்றித் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, தினமும் தேய்ப்பீங்களா?”

“பின்ன? ரிசர்ச்சுன்னு போர்டு போட்ருக்கே. பெரிய ஆளுங்க வருவாங்க, இத ஸ்பெஷலா பாத்துக்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு லா.”

“அப்ப அந்த லிஃப்ட்?”

“அதுக்கு எங்கம்மா நேரம்? எல்லாம் இதுக்கே போயிடுது.”

என் படலம் முதல் நாளே அந்தத் துணியோடு போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்.

சேவியரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“கேக்கலன்னா சொல்லாத.”

“கேட்டா?”

“மாட்டாங்க. சயின்ஸ்னா யாரும் கேக்க மாட்டாங்க.”

வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் ஜாஃபர் படங்களை ரசித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத மெயின்டெய்ன் பண்ண என்ன செய்யணும்?”

சேவியர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். கோப்பை சிறியது, அவர் குடித்த நேரம் பெரியது.

“தினமும் ஒருத்தர் தேய்க்கணும் சார்,” என்றேன். “பதினைஞ்சு நாளா தேய்ச்சிருக்காங்க. எங்களுக்கே நேத்துதான் தெரியும். கோட்டிங் வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது.”

யாரோ சிரித்தார்கள். ஜாஃபர் சிரிக்கவில்லை.

“சரி, தேய்க்காம ரெண்டு வாரம் பாத்துட்டு வாங்க.”

வெளியே வந்ததும் சேவியர் பெருங்கருணையோடு என் ஒப்பந்தத்தை நீட்டித்தார். இரண்டு வாரம்.

திங்கட்கிழமை படலத்தை மறுபடி பூசிவிட்டு பாக்கியலட்சுமியைத் தேடிப் போனேன்.

“அக்கா, ரெண்டு வாரம் ரெண்டு லிஃப்டையும் தொடாதீங்க.”

“அழுக்கா இருந்தா என்னத்தானே ஏசுவாங்க?”

“சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“நீ சொன்னா ஆச்சா? அங்க நீ பெர்மனன்ட்டா?”

“இல்லக்கா. ரெண்டு வாரம்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து என் கையில் திணித்தார்.

“அப்ப இதையும் நீயே வெச்சுக்க. என் கை சும்மா இருக்காது.”